வெளிப்படுத்தாமை உபகுழு

வாயை மூடிக்கொண்டிருப்பதே உலகத்தில் ஆக இலகுவான வேலை என்று வின்சன்ற் கணனிக் கலாமன்றத்தின் செயற்குழு முன்னிலையில் அறிவித்தான். அதற்குப் படிப்புத் தேவையில்லை, கறன்ற் தேவையில்லை, லண்டனில் மச்சான் தேவையில்லை. ஒரு விளையாட்டைச் செய்தவன் அதன் உள்விடயத்தைத் தன் வாயாலேயே வெளியே விட்டால் அவன் மனிதன் இல்லை, ஓட்டை வாளி. "ஒரு சின்னச் சாடை மட்டும் காட்டுறன்" என்று அடுத்தவர் காதுக்குள் குசுகுசுப்பவர்களைக் கண்டால் தனக்குச் சிரிப்பும் அருவருப்பும் சேர்ந்து வருவதாகவும் சொன்னான். பெற்ற தாயே கேட்டாலும் தான் சொல்லப்போவதில்லை.

செயற்குழு இதை மிகுந்த கவலையோடு கேட்டது. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பொதுவாழ்வில் நெடுங்காலம் உழைத்தவர்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதில் ஒருவருக்கும் முன்னனுபவம் இல்லை.

கலாமன்றம் உரும்பிராயில் இருந்தது. லண்டனுக்குப் போய்விட்ட ஊர்ப்பிள்ளை ஒருவர், ஊர் முன்னேறட்டும் என்று ஒரு கணனியை அனுப்பியிருந்தார். அது பிஸ்கற் பெட்டியின் மூடியளவு இருந்தது. அதை ரி.வி.யில் பொருத்தி, கசற் றெக்கோடரில் நாடாவைப் போட்டு, கதவிடுக்கில் வால் அகப்பட்ட பூனையைப் போல அது கத்தி முடியும்வரை காத்திருந்தால் ஏதாவது நடக்கும். கணனி வந்து இறங்கியதும் ஊர் செய்யவேண்டியதைச் செய்தது: அதற்கு ஒரு மன்றம் அமைத்தது. மன்றத்துக்கு யாப்பு எழுதப்பட்டது. கணனியைத் தொடக்கூடியவர் யார் என்று யாப்பில் சொல்லப்படாதபடியால் ஒருவரும் தொடவில்லை. பூப்பின்னல் துணியால் மூடி வைத்தார்கள். விஜயதசமிக்குச் சந்தனம் பூசினார்கள். சந்தனம் காய்ந்து பொத்தான்கள் இறுகிப் போனபோதுதான், றேடியோ திருத்தத் தெரிந்த ஒரு பொடியன் மீன்பிடிக்காரரின் ஊரான குருநகரில் இருக்கிறான் என்று வின்சன்றைக் கூப்பிட்டார்கள்.

தலைவர் நமசிவாயம் ஓய்வுபெற்ற வட்டாரக் கல்வி அதிகாரி. "தம்பி எவ்விடம்?" என்று கேட்டார்.

"குருநகர்."

"ஓ... நல்லது, நல்லது" என்றார். ஒருமுறை சொல்லியிருந்தால் நல்லதாகவே இருந்திருக்கும்.

வின்சன்ற் சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கணனி வேலை செய்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தான். பிறகு நாள்தோறும் குருநகரிலிருந்து சைக்கிள் உழக்கி வந்து உட்கார்ந்தான். பார்த்து முடிந்தபோது ஒரு விளையாட்டுச் செய்திருந்தான்.

விளையாட்டு இதுதான். ரி.வி.யில் ஒரு கறுத்தக் கடல். அதில் வெள்ளையாக ஒரு வள்ளம். நான்கு பொத்தான்களால் வள்ளத்தை ஓட்டி மீன் பிடிக்கவேண்டும். பொத்தானை அமுக்க அமுக்க, மூலையில் நிற்கும் ஒரு கப்பல் கிட்டக் கிட்ட வரும். வந்து முட்டினால் ஆட்டம் முடிந்தது. அந்தக் கப்பல் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் அதைக் கேட்கத் தேவையில்லை.

எவ்வளவு கெட்டிக்காரனும் மீனைப் பிடிக்க முன்னர் கப்பலிடம் பிடிபடுவான். ஆனால் பொத்தான்களிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், கப்பல் திரும்பிப் போய்விடும். நீரோட்டம் வள்ளத்தை மெல்ல இழுத்துக்கொண்டு போகும். பிறகு கடல் வள்ளத்தின் கீழே புள்ளி புள்ளியாக மினுங்கத் தொடங்கி, திரை முழுவதும் வெளிச்சமாகும். மீன்கள் தாமாக வந்து சுற்றி நிற்கும்.

இதை அவன் தன் தாய் லூர்த்தம்மாவுக்காகச் செய்திருந்தான். தகப்பன் நீக்கிலாப்பிள்ளை கடல் மினுங்குவதைப் பற்றிச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். "உந்த மினுக்கத்தை மட்டும் நான் ஒருக்காப் பாக்கவேணும்" என்று லூர்த்தம்மா ஒவ்வொரு தரமும் சொல்லுவா. பெண்கள் வள்ளத்தில் போவதில்லை. இப்போது நேவி கடலுக்குத் தடை போட்டபிறகு நீக்கிலாப்பிள்ளையும் போவதில்லை. வள்ளம் கரையில் குப்புறக் கிடந்தது. லூர்த்தம்மா தானாகக் கையை எடுக்க, அவவின் கண்ணுக்கு முன்னால் அது தானாக மினுங்கவேண்டும் என்பதே வின்சன்றின் ஆசை. யாராவது முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அது தகப்பனின் கதையை இன்னொரு தரம் கேட்டது போலத்தான்.

இதையெல்லாம் அவன் செயற்குழுவுக்குச் சொல்லவில்லை. "உள்ளுக்கை ஒரு விசயம் இருக்கு, அதைச் சொல்லக்கூடாது" என்று மட்டும் சொன்னான். மன்றத்துக்கு ஒரு வேலை கிடைத்தது.

"கேள்வி என்னெண்டால்," என்றார் நமசிவாயம், "வெளியீட்டுக்கு முன்னம் எவ்வளவு சொல்லலாம்? முழுக்கச் சொன்னால் சனம் வராது. ஒண்டும் சொல்லாட்டிலும் சனம் வராது. ஆகவே பாதி சொல்லவேணும்."

"எந்தப் பாதி ஐயா?" என்று கேட்டான் வின்சன்ற்.

"அதைத் தீர்மானிக்கிறதுக்கு நாங்கள் முழுவதையும் அறியவேணும்."

உடனே வெளிப்படுத்தாமை உபகுழு அமைக்கப்பட்டது. அதன் அமைப்பாளராக மன்றச் செயலாளர் தேவராசா ஏகமனதாகத் தெரிவானார். தேவராசா கூட்டுறவுச் சங்கக் கடையின் முகாமையாளர். சீனி வந்திருப்பதைச் சனத்துக்குச் சொல்லாமல் வைத்திருப்பதில் பேரெடுத்தவர். அவரைவிடத் தகுதியானவர் வலிகாமத்தில் இருக்கவில்லை.

"மறைக்கவேண்டியது என்னெண்டு தெரியாமல் எப்பிடி ஐசே மறைக்கிறது?" என்றார் தேவராசா. "சீனி எந்தச் சாக்கிலை இருக்கெண்டு தெரிஞ்சால்தானே மற்றச் சாக்கைக் காட்டலாம்?"

வின்சன்ற் மறுத்தான். தேவராசா கணனி அறையைப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டார். விளையாட்டு இன்னும் முடியவில்லை. மீன்களுக்கு வால் வைக்கவேண்டியிருந்தது. இரண்டு நாள் அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, தலைவருக்கு மட்டும், தனியே, சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னான்.

நமசிவாயம் கண்ணை மூடிக் கேட்டார். "அதாவது சும்மா இருத்தல். இது சைவசித்தாந்தமெல்லோ தம்பி!"

"இல்லை ஐயா, கடல்."

"எல்லாம் ஒண்டுதான்."

அடுத்த கூட்டத்தில் தேவராசா முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அவருக்குக் கோபம் இல்லை, கொள்கைதான் என்று சொன்னார். இரகசியத்தை அறிந்தவர் அதைச் சொல்லாமல் தவிர்ப்பார். அறியாதவரோ தற்செயலாக அதையே உளறிவிடக்கூடும். எனவே பாதுகாப்பைக் கருதி, செயற்குழுவில் உள்ள அனைவருக்கும் இரகசியம் அறிவிக்கப்படவேண்டும். பிரேரணை நிறைவேறியது. நமசிவாயம் எழுந்து நின்று அறிவித்தார். விளக்கமாகவே அறிவித்தார்.

"ஐயா, சத்தியம் செய்தனீங்கள்" என்றான் வின்சன்ற்.

"ஓம் தம்பி. அது தனிப்பட்ட முறையில. இப்ப நான் பதவிவழி கதைக்கிறன்."

பிறகு நித்திரைப் பிரச்சினை வந்தது. அங்கத்தவர் ஒருவர் நித்திரையில் பிதற்றினால் என்ன செய்வது? மனைவிமார் கேட்டுவிட்டு, அது இரகசியம் என்று தெரியாமல், கிணற்றடியில் சொல்லிவிட்டால்? ஆகவே மனைவிமாருக்கு முற்கூட்டியே அறிவித்து, கேட்டாலும் கேளாதது போல இருக்கும்படி கேட்டுக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். தலைவரின் மனைவி அருமைநாயகி வின்சன்றை ஒழுங்கையில் மறித்தார்.

"பிள்ளை, உந்தச் சின்ன விசயத்தைப் பொத்தி வைக்கிறதுக்கே இந்த மனிசன் இரவிரவா எழும்பி இருக்குது. கையை எடுக்கிறது தானே, வேறை ஒண்டும் இல்லையே?"

"வேறை ஒண்டும் இல்லை அம்மா."

"கடவுளே. நான் ஏதோ வெடிகுண்டு எண்டு பயந்திட்டன்."

வெளியீட்டு விழா என்றால் முதற்பிரதி பெறுவதற்கு ஒரு வர்த்தகப் பெருமகன் வேண்டும். நீர்வேலி வாழைக்குலை வியாபாரி பொன்னம்பலம் இசைந்தார். மேடையில் பிரதி கைதவறி விழாமல் இருப்பதற்காக ஒத்திகை வைத்து, கசற்றை அவரிடம் மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒத்திகை முடிந்து அவர் அதைக் கையோடு கொண்டு போய்விட்டார். மறுநாள் லொறியை மன்ற வாசலில் நிறுத்திக்கொண்டு வின்சன்றைக் கூப்பிட்டார்.

"தம்பி, உம்மடை கசற்றை லொறியிலை போட்டுக் கேட்டனான். பாட்டு ஒண்டையும் காணேல்லை. ஒரே கீச்சு. நான் நிப்பாட்டாமல் கடைசிமட்டும் கேட்டன். கடைசியிலை ஒரு அமைதி வந்தது பாரும்! அதுதானே அந்த இரகசியம்? சும்மா இருக்கிறது?"

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. தேவராசா சொல்லக்கூடாதெண்டு சொன்னவர், அவ்வளவுதான். நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எங்கடை லொறிக்காரரைத் தவிர. அவங்கள் கொழும்பு மட்டும்தான் போவாங்கள்."

வின்சன்ற் அன்று பின்னேரம் செயற்குழுவைப் பார்த்துக் கத்தினான். நீங்கள் எல்லாரும் ஒரு பத்து நாள் வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டிருங்கள் என்றான். கூட்டக் குறிப்பில் "செய்தவர் சில ஆலோசனைகளை முன்வைத்தார்" என்று பதிந்தார்கள்.

பிறகு ஒலிபெருக்கிக் கார் வந்தது. கூரையில் இரண்டு குழாய்களைக் கட்டி, மைக்கோடு தேவராசா முன்னால் ஏறினார். செய்தவரை மக்கள் நேரில் காணவேண்டும் என்று வின்சன்றைப் பின்னால் பற்றரிக்குப் பக்கத்தில் நெருக்கி இருத்தினார்கள். கார் உரும்பிராய்ச் சந்தி தாண்டியதும் தேவராசா தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கணனி விளையாட்டு வெளியீட்டு விழா! விளையாட்டின் சுவை கெடாதிருக்கும் பொருட்டு, பொத்தான்களிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் கடல் மினுங்கும் என்ற விடயத்தை எவரும் எவருக்கும் முன்கூட்டிச் சொல்லவேண்டாம் என அன்பாகக் கேட்டுக்கொள்கின்றோம்!"

வின்சன்ற் மைக்கைப் பறிக்கப் பாய்ந்தான். பற்றரி மடியில் சரிந்தது.

"என்ன ஐசே, ஆடாமல் இரும்!"

"அண்ணை, நீங்கள் சொல்லிப்போட்டியள்!"

"நான் எங்கை சொன்னனான்? சொல்லவேண்டாமெண்டெல்லோ சொன்னனான். பொதுசனத்துக்கு எதைச் சொல்லக்கூடாதெண்டு தெளிவாச் சொல்லாட்டில் அவையள் அறியாமல் சொல்லிப்போடுவினம்."

நீர்வேலியிலும் சொல்லவேண்டாம் என்று சொன்னார். கொடிகாமம் சந்தையில், சனம் நிறைந்து நின்றபடியால், சொல்லவேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கத்தரிக்காய்க் கடகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு மனுசி கார் யன்னலால் தலையை நீட்டினா.

"எட தம்பி, சும்மா இருக்கிறதைப் பாக்க நாங்கள் ஏன் உரும்பிராய்க்கு வரவேணும்? எங்கடை வீட்டிலை ஒருத்தர் இருக்கிறார். காசில்லாமல் பாக்கலாம்."

சந்தை சிரித்தது. வின்சன்றும் சிரித்திருப்பான், வேறு யாருடைய விளையாட்டாவது என்றால்.

திரும்பி வரும்போது தேவராசா, "இனிக் குருநகர்" என்றார்.

"அண்ணை, கையெடுத்துக் கும்பிடுறன். அங்கை மட்டும் வேண்டாம்."

"ஏன்? உங்கடை ஆக்களை ஒதுக்கிப்போட்டம் எண்டு நாளைக்குக் கதை வரும். மன்றத்துக்கு எல்லாரும் ஒண்டுதான்."

"என்ரை அம்மா அங்கை இருக்கிறா. அவவுக்குத் தெரியக்கூடாது. ஊர் முழுக்கத் தெரியட்டும் அண்ணை, அவ ஒராளுக்குத் தெரியாமல் இருந்தால் எனக்குக் காணும்."

தேவராசா முதன்முறையாக யோசித்தார். "அப்ப அம்மாவின்ரை பேரைச் சொல்லும். லூர்த்தம்மா எண்டவவுக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாதெண்டு நான் மைக்கிலை சொல்லிவிடுறன்."

கார் நல்லூரைத் தாண்டியபோது கோட்டையிலிருந்து ஆமி ஷெல் அடிக்கத் தொடங்கியது. சாரதி காரைத் திருப்பிவிட்டான். அன்று யாழ்ப்பாணத்தில் ஷெல் சத்தம் கேட்டுச் சந்தோசப்பட்ட ஒரே ஆள் வின்சன்ற்தான். அதற்காக அவன் மறுநாள் மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனமும் செய்தான். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுவாமியார், "எந்த விளையாட்டு? கையை எடுத்தாப் பிறகு மினுங்குமே, அதுவோ?" என்று கேட்டார். அவர் ஒருவராவது வெளியே சொல்லமாட்டார் என்பது ஆறுதலாக இருந்தது.

அந்தக் கிழமை முழுவதும் வின்சன்ற் தாய்க்குக் காவல் நின்றான். சந்தைக்குத் தானே போனான். உரும்பிராய்ப் பக்கத்து ஆள் எவராவது ஒழுங்கையால் வந்தால் படலையை மூடினான்.

"என்னடா, என்னை மறியல்லை வைச்சிருக்கிறியோ?" என்று லூர்த்தம்மா கேட்டா. பேசும்போதும் அவவின் கை வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தது. கடல் தடையாக இருந்தாலும் வலை கிழிந்துகொண்டுதான் இருந்தது, எலியால்.

"ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பிந்தி வாணை அம்மா. பேச்செல்லாம் முடிய."

"பேச்சுக் கேக்க நான் வரேல்லை. அந்தக் கடலைக் காட்டுவியோ?"

"நீயே பாப்பாய்."

விழா மன்ற முற்றத்துப் பந்தலில் நடந்தது. கணனியும் ரி.வி.யும் மேடையில் இருந்தன. வெளிச்சம் படாமல் அவற்றுக்கு மேல் ஒரு கறுத்தக் குடையை விரித்திருந்தார்கள். மங்கல விளக்கு ஏற்றப்பட்டது. ஆசியுரை, வரவேற்புரை, வாழ்த்துரைகள் நடந்தன. பொன்னம்பலம் ஒத்திகைப்படி கசற்றைப் பெற்றுக்கொண்டார். மதிப்பீட்டுரை தேவராசாவுடையது.

"நான் இந்த விளையாட்டை விளையாடவில்லை" என்று அவர் தொடங்கினார். "விளையாடினால் என் நடுநிலைமை பாதிக்கப்படும்."

கைதட்டினார்கள். தாய் வருவதற்குள் பேச்சுக்கள் முடிந்துவிடும் என்று வின்சன்ற் கணக்குப் போட்டிருந்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன் போடக்கூடாத கணக்கு அது. லூர்த்தம்மா பந்தலின் பின்பக்கத்தில் வந்து நின்றபோது, நமசிவாயம் தலைமையுரையின் நடுப்பகுதியை அப்போதுதான் எட்டியிருந்தார்.

"அன்பர்களே, எவ்வளவு சொல்லலாம் என்ற வினாவுக்கு எமது மன்றம் விடை கண்டிருக்கிறது. இவ்விளையாட்டின் இரகசியத்தை நான் அறிவேன். என் துணைவியார் அறிவார். இப்பந்தலில் உள்ள அனைவரும் அறிவீர்கள். கொடிகாமம் வரை அறிவார்கள். இத்தனை பேர் ஒன்றுகூடிக் காக்கும் ஓர் இரகசியம் உலகில் வேறெங்காவது உண்டா? ஒருவன் காப்பது சுயநலம்! ஊரே காப்பது பண்பாடு! அந்த இரகசியம் யாதெனில்—"

கறன்ற் நின்றது.

நமசிவாயம் நிற்கவில்லை. முன்வரிசைக்கு அவருடைய குரல் கேட்டது. பின்வரிசைக்கு வாய் மட்டும் வந்துகொண்டிருந்தது. வின்சன்ற் பந்தலின் ஓரத்தால் ஓடிப்போய்த் தாயின் பக்கத்தில் நின்று, தேவையில்லாமல் இருமினான். கறன்ற் திரும்பி வந்தபோது தலைவர் "நன்றி, வணக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"முதலாவதா என்ரை அம்மா விளையாடுவா" என்று வின்சன்ற் மேடையில் ஏறி அறிவித்தான். "இவவுக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. தயவுசெய்து ஒருத்தரும் வாய் திறக்கவேண்டாம். ஒருத்தரும்."

கசற் கத்தி முடிந்தது. கறுத்தக் கடல் வந்தது. லூர்த்தம்மா செபமாலையைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, கதிரை நுனியில் இருந்து, பொத்தான்களில் விரல்களை வைத்தா.

"எடேய், வள்ளம் ஓடுது!"

"ஓமணை."

"உங்கை மீன். பொறு, பொறு... போட்டுது. கப்பல் வருதடா. கப்பல் வருது—" பொத்தான்களை இன்னும் வேகமாக அடித்தா. கப்பல் வந்து முட்டியது. "பிடிச்சுப்போட்டாங்கள்" என்றா, மெல்ல.

வின்சன்ற் பந்தலைத் திரும்பிப் பார்த்தான். அவனால் நம்ப முடியவில்லை. ஒருவரும் பேசவில்லை. தேவராசா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பொன்னம்பலம் சால்வை நுனியைச் சுருட்டி வாய்க்குள் வைத்திருந்தார். அருமைநாயகி கணவனின் முழங்கையைப் பிடித்து நுள்ளியபடி இருந்தார். நமசிவாயத்தின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஆனால் வாய் மூடியிருந்தது. பந்தல் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவியின் கைகளையே பார்த்தது.

லூர்த்தம்மா திரும்ப விளையாடினா. அந்தக் கை சும்மா இருந்து வின்சன்ற் கண்டதில்லை. வலை பொத்தும், மீன் வெட்டும், ஒன்றும் இல்லாவிட்டால் செபமாலை உருட்டும். இப்போது அது பொத்தான்களை அரிவாளால் வெட்டுவது போல வெட்டியது. கப்பல் வந்தது. திரும்ப விளையாடினா. கப்பல் வந்தது. ஒருமுறை வியர்வை துடைப்பதற்குக் கையை எடுத்தா. கடல் இருண்டு அமைதியாகியது, கப்பல் ஓர் அடி பின்வாங்கியது. வின்சன்ற் கதிரையின் முதுகைப் பிடித்தான். லூர்த்தம்மா சேலைத் தலைப்பை விட்டுவிட்டு மறுபடி அமுக்கினா.

பிறகு எழும்பினா.

"காணும் தம்பி. நல்லாச் செய்திருக்கிறாய். எனக்குக் கடல் சரிவராது. வேறை ஆரும் இருக்கட்டும்."

"இன்னும் ஒருக்கா அம்மா."

"ஏனடா சனத்தை மினக்கெடுத்துவான்? எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம்."

"கடைசியா. ஒருக்கா."

அவ இருந்தா. பந்தல் லைற் ஒருமுறை மங்கி எரிந்தது. கறன்ற் இனி எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியாது. வள்ளம் நகர்ந்தது, கப்பல் மூலையிலிருந்து புறப்பட்டது, விரல்கள் வேகம் பிடித்தன. தேவராசா இன்னும் உதட்டில் விரலோடு நின்றார்.

வின்சன்ற் வயர் கழன்றுவிட்டதைப் போலக் குனிந்தான். மேசைக்குக் கீழே கையை விட்டு ஒன்றையும் சரிசெய்யாமல் துழாவினான். சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாயின் காதடிக்கு வாயைக் கொண்டுபோனான்.

"அம்மா" என்றான், பக்கத்துக் குடைக்கும் கேட்காமல். "கையை எடணை."